மேய்ச்சல் புறம்போக்கில் புல்லைத் திரும்பக் கொண்டுவர

முதலில் ஒன்று: அங்கே மரக்கன்று நடாதீர்கள். புல்வெளி சும்மா கிடக்கும் நிலம் இல்லை. கோடியக்கரை வெளிமான்கள் திறந்த புல்வெளியை நம்பித்தான் வாழ்கின்றன, நம் உம்பளச்சேரி மாடும் இந்த உவர்மண் புல்லைத் தின்று வளர்ந்த இனம்தான். ஊராட்சியிடமும் விஏஓவிடமும் சொல்லிவிட்டு, புல்லை வளரவிடாமல் மூடி நிற்கும் சீமைக்கருவேல முள்மரத்தில் கை வையுங்கள்.

அதை அரிவாளால் வெட்டினால் போகாது. இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள், கட்டையைச் சுற்றி மண்ணை ஒட்டித் தளிர் கிளம்பியிருக்கும், ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டு. தண்டும் வேரும் சேரும் தூரில்தான் அந்த மொட்டுகள் இருக்கின்றன என்பதால், கடப்பாரை போட்டு ஒரு அடியாவது தோண்டித் தூரோடு எடுக்கவேண்டும். பொக்லைன் பெரிய மரங்களுக்கு மட்டும் போதும், நிலம் முழுக்கப் புரட்டினால் மேல்மண்ணில் கிடக்கும் புல் விதை ஆழத்தில் புதைந்துவிடும். வெட்டிய முள்ளையே வேலியாகப் போடலாம், நெற்று இல்லாத கிளையாகப் பார்த்து.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சீமைக்கருவேலங்கன்று மறுபடி முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடுங்கள், தை பிறந்தால் வேர் இறங்கிவிடும், கைக்கு வராது. விதை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும், அதனால் ஒரு வருஷத்தோடு விட்டுவிடாதீர்கள்.

புல் விதைக்குக் கடைக்குப் போகவேண்டாம். மழை ஓய்ந்த பிறகு தை, மாசியில் பக்கத்து வாய்க்கால் கரை, சுடுகாட்டு ஓரமெல்லாம் பாருங்கள். கொழுக்கட்டைப்புல் கதிரை இரண்டு விரலால் கீழிருந்து மேலே உருவினால் பஞ்சு மாதிரி கையோடு வரும், வராமல் இறுக்கிப் பிடித்தால் இன்னும் முற்றவில்லை. நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்து, புரட்டாசியில் ஈர மணலோடு கலந்து தூவுங்கள், வெறும் விதை காற்றோடு போய்விடும். கொழுக்கட்டைப்புல் மணல்பாங்கான மேட்டுக்கு. அருகுக்கு விதையே வேண்டாம், கணுவோடு துண்டு போட்டுப் புதைத்தால் படர்ந்துவிடும். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் கோரை தானாக வரும்.

முதல் மழைக்காலம் முழுக்க மாடு ஆடு விடாதீர்கள். அப்புறம் கட்டாயம் விடவேண்டும், மேயாத புல் காய்ந்து மூடிக்கொண்டால் புதுத்தூர் கிளம்பாது. ஊர் ஊராக ஆடு மேய்த்து வரும் கீதாரிகளிடம் பேசிக் கிடை போடச் சொல்லலாம், அதாவது மந்தையை இரவில் அங்கேயே அடைக்கச் சொல்லலாம். ஆனால் மந்தை எங்கே மேய்ந்து வருகிறது என்று கேளுங்கள்: சீமைக்கருவேல நெற்று தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை அப்படியே விழும், அப்படிப்பட்ட மந்தையை ஒரு வாரம் வேறு இடத்தில் கட்டிவிட்டு உள்ளே விடுங்கள்.