பழைய ஐரோப்பிய வெள்ளி ஸ்பூன், லேடில்ல இருக்குற முத்திரைய படிக்கிறது எப்படி

முதல்ல அத பாலிஷ் போட்டு தேய்க்காதீங்க, தேய்க்க தேய்க்க மழுங்கிப் போறது முத்திரை தான். பத்து மடங்கு பெருசா காட்டுற லென்ஸ் ஒண்ணு, பக்கவாட்டுல இருந்து கொஞ்சம் லைட், அவ்ளோதான் வேணும். ஸ்பூன், லேடில்னா காம்போட பின்பக்கம் பாருங்க. சுமார் 1780க்கு முன்னாடி செஞ்சதுல குழி இருக்குற பக்கமா குத்தியிருப்பாங்க, அப்புறம் தான் அது கைப்பிடி நுனிப்பக்கம் போச்சு. மூடி வச்ச பாத்திரம்னா மூடியிலயும் தனியா முத்திரை இருக்கணும்.

இருக்குறதுலயே படிக்க ஈஸி இங்கிலாந்து சாமான் தான். நடக்குற சிங்கம் இருந்தா 925 வெள்ளி (ஆயிரத்துல 925 பங்கு சுத்த வெள்ளி), அப்புறம் ஊர் முத்திரை, சிறுத்தை தலைன்னா லண்டன், நங்கூரம்னா பர்மிங்காம், கிரீடம்னா ஷெஃபீல்ட். வருஷத்துக்கு ஒரு எழுத்து இருக்கும், ஆனா எழுத்த மட்டும் பாத்து வருஷம் சொல்லிடாதீங்க, ஊருக்கு ஊர் வரிசை வேற, அதே எழுத்து திரும்பத் திரும்ப வரும், எழுத்தோட ஸ்டைல், அத சுத்தி இருக்குற கட்டத்தோட ஷேப் எல்லாமே ஒத்துப்போகணும். 1784ல இருந்து 1890 வரைக்கும் வரி கட்டுனதுக்கு அடையாளமா ராஜா இல்ல ராணி தலையும் குத்துனாங்க. லண்டன் சிறுத்தைக்கு 1821 வரை தான் கிரீடம். அதனால கிரீடம் இல்லாத சிறுத்தையும் ராணி தலையும் சேர்ந்து இருந்தா அது விக்டோரியா காலம், 1890க்குள்ள செஞ்சது, இவ்ளோ சுருக்கிட்டு அப்புறம் எழுத்து பட்டியல பாருங்க.

பிரான்ஸ்ல 1838ல இருந்து ஹெல்மெட் போட்ட மினர்வாங்கிற ரோமானிய தெய்வத்தோட தலை, பக்கத்துல 1 இருந்தா 950, 2 இருந்தா 800. செஞ்சவரோட முத்திரை டைமண்ட் ஷேப்ல இருக்கும், அதுவே சதுரமா இருந்தா முலாம் தான்னு வச்சுக்கோங்க. ஜெர்மனில 1888ல இருந்து பிறை, கிரீடம், கூட 800 மாதிரி நம்பர். வெறும் 90னு போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க, அது எவ்ளோ வெள்ளி முலாம் பூசுனாங்கன்ற கணக்கு! ஈபிஎன்எஸ்ஸும் (EPNS, நிக்கல் கலந்த உலோகத்து மேல மின்சாரத்தால வெள்ளி பூசுனது) முலாம் தான், சுத்தி எத்தன கேடயம் டிசைன் போட்டிருந்தாலும் சரி.

சந்தேகமா இருந்தா முத்திரை மேல வாயால ஊதுங்க, ஆவி படியும்போது சுத்தி ஒரு கோடு தெரிஞ்சா வேற சாமான்ல இருந்து வெட்டி ஒட்டுனதா இருக்கலாம். அப்புறம் பழம், இலை டிசைன் போட்ட ஜார்ஜிய காலத்து (விக்டோரியாவுக்கு முன்னாடி ஜார்ஜ் ராஜாக்கள் ஆண்ட காலம்) ஸ்பூன் வந்தா முத்திரை ஒரிஜினலா இருக்கும், ஆனா டிசைன் பெரும்பாலும் விக்டோரியா காலத்துல பிளெய்ன் ஸ்பூன் மேல அடிச்சது, அதுக்கு ஜார்ஜிய விலை குடுக்காதீங்க.