பூங்கா நடைபாதையை நீட்டிக்க மானியம் கேட்பது எப்படி?

அமெரிக்காவில் ஒரு சின்ன நகரம் தன் பூங்கா நடைபாதையை நீட்டிக்க நினைத்தால், முதலில் இரண்டு கூட்டாட்சி நிதிகளைப் பாருங்கள்: 1991-இல் வந்த ரெக்ரியேஷனல் டிரெயில்ஸ் புரோகிராம் (பொழுதுபோக்குப் பாதைகளுக்கான திட்டம்), 1965 முதல் நடக்கும் ‘நிலம்-நீர் பாதுகாப்பு நிதி’. விண்ணப்பம் வாஷிங்டனுக்குப் போகாது, மாநிலத்தில் அதைக் கவனிக்கும் துறைக்குத்தான்.

முதலாவதில் பொதுவாகச் செலவில் 80 சதவீதம் வரை கிடைக்கும், இரண்டாவதில் 50 வரைதான். மீதி நகரத்தின் பங்கு. நன்கொடை நிலம், தன்னார்வலர் உழைப்பு போன்றவற்றையும் பல மாநிலங்கள் அதில் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் பலர் கோட்டை விடும் இடம் இது: பணம் பெரும்பாலும் முன்கூட்டி வராது, ஒப்பந்ததாரருக்கு நகரமே முதலில் கொடுத்துவிட்டு ரசீதுகளோடு திரும்பக் கேட்க வேண்டும் என்பதால், நகர மன்றத் தீர்மானத்திலேயே அந்தத் தொகையை ஒதுக்கி வையுங்கள்.

பாதை போகும் நிலம் நகரத்துடையதா, இல்லை பிறர் நிலத்தின் வழியே பாதை போடும் வழியுரிமையாவது எழுத்தில் இருக்கிறதா? இது தெரியாமல் வரைபடம் போட வேண்டாம். சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மண்ணைத் தோண்டவும் வேண்டாம், அந்தச் செலவு பொதுவாகத் திரும்பாது.

இரண்டாவது நிதியில் ஒரு கொக்கி உண்டு. அதை வாங்கினால் அந்த இடம் நிரந்தரமாக வெளிப்புறப் பொழுதுபோக்குக்குத்தான். மாற்ற வேண்டுமென்றால் தேசியப் பூங்கா சேவையின் அனுமதியும் ஈடாக வேறு நிலமும் வேண்டும். பின்னால் அங்கே தீயணைப்பு நிலையம் கட்டும் யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தில் அழகு வர்ணனை எதற்கு? எந்தப் பள்ளியை, எந்தப் பேருந்து நிறுத்தத்தை இந்தப் பாதை இணைக்கிறது, சக்கர நாற்காலி போகுமா, பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதுங்கள்.