மூடிப்போன நம்ம ஊரு நீச்சல் தொட்டிய தேடிக் கண்டுபிடிக்கிறது எப்படி

ஒரு காலத்துல இங்க ஸ்விம்மிங் பூல் இருந்துச்சுப்பான்னு பெரியவங்க யாராச்சும் சொல்லி, எங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுறாங்களா, அப்ப இத படிங்க. வேலூர் பக்கம் பாலாத்தங்கரையில எங்க ஊருல ரெண்டு வருஷம் அலைஞ்சு ஒண்ண கண்டுபிடிச்சேன், எது வேலைக்கு ஆச்சுன்னு சொல்றேன்.

மொதல்ல ஆளுங்க, மேப்பு அப்புறம். எழுவது தாண்டினவங்கள இந்த மாசமே போய் பாருங்க, பொங்கல் கழிச்சு பாத்துக்கலாம்னு நான் தள்ளிப்போட்டு ரெண்டு பேர பாக்காமயே விட்டுட்டேன், அது இன்னும் மனசுல கீது. "நீச்சல் குளம் எங்க"ன்னு கேட்டீங்கன்னா கோயில் குளத்துக்கு வழி சொல்லுவாங்க, எங்க ஊருல அதுக்கு பேரே தொட்டிதான். அதனால தண்ணி எங்கருந்து வந்துச்சு, அழுக்குத் தண்ணிய எந்தப் பக்கம் தொறந்து விட்டாங்கன்னு கேளுங்க. எங்க தொட்டிக்கு ஃபில்டர்லாம் கிடையாது, பக்கத்துக் கிணத்துல மோட்டார் போட்டு ரொப்பறது, பாசி புடிச்சா மொத்தமா தொறந்து விடறது. தொட்டிய குப்பை கொட்டி மூடிடலாம், கிணறு அவ்ளோ சீக்கிரம் காணாமப் போவாது. எங்க நைனா ஒரே வார்த்தைதான் சொன்னாரு, "ஏறுனா எதிர்ல தென்னந்தோப்புடா, தொறந்து விட்ட தண்ணி அதுக்குத்தான் பாயும்." தோப்பு இப்ப பிளாட்டு, ஆனா ஓரத்துல நாலு மரம் நின்னுச்சு, அங்கருந்து திரும்பிப் பாத்தா கிணறு.

பேப்பர் பக்கம் போனா, இ-சர்வீஸ் சைட்ல சர்வே நம்பர் போட்டு எஃப்எம்பி ஸ்கெட்ச், அதான் நில அளவு வரைபடம், எடுங்க, கூகுள் எர்த்ல பழைய வருஷப் படத்தையும் பின்னால நகத்திப் பாருங்க. பழைய ஃபைல் கேக்கும்போது வட ஆற்காடு மாவட்டம்னே எழுதுங்க, 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சு, 2019ல ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிஞ்சதுல இன்னிக்கு பேர போட்டு தேடினா கிடைக்காது. ஆர்டிஐக்கு 10 ரூபாதான், 30 நாள்ல பதில் தரணும். எனக்கு ஒரு ஆபீஸ்ல ஆவணம் இல்லன்னு ஒத்த வரியில முடிச்சிட்டாங்க, முதல் மேல்முறையீட்டுல "மன்றத் தீர்மானப் புத்தகம்"னு குறிப்பா கேட்டப்புறம்தான் ஒரு பக்கம் ஜெராக்ஸ் வந்துச்சு.

எடத்துக்கு ரெண்டு தடவை போவணும். ஐப்பசி மழை விட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு தடவை, அடியில தளம் உடையாம இருந்தா சுத்தி காஞ்சாலும் அந்த எடம் மட்டும் ஈரமா நிக்கும். அப்புறம் பங்குனியில, செவுரு மேல மண்ணு கம்மியா இருக்கறதால புல்லு அங்கதான் மொதல்ல காயும், நேர் கோடா பழுப்பு அடிச்சிருக்கும், மாடி மேல ஏறிப் பாத்தா பளிச்சுன்னு தெரியும். சீமைக்கருவேலம் மூடியிருந்தா எடத்துக்காரங்கள கேட்டுட்டு வெட்டுங்க. ஷூ போடாம, தனியா போவாதீங்க, கல்லு இடுக்குல கண்ணாடி விரியன் இருக்கும், கைப்பிடிச் செவுரு இல்லாத கிணறு புதருக்குள்ள இருக்கும். கிணத்துல எறங்கவே கூடாது, அடியில காத்து கெட்டுப்போயிருக்கும்.

நம்ம பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு, பழைய தோல் ஷாப்பு, அதான் தோல் பதனிடற எடம், அங்க இருக்கற சுண்ணாம்புத் தொட்டி. அது சின்னச் சின்னதா வரிசையா இருக்கும், குரோமியக் கழிவு கலந்த மண்ணா இருக்கலாம், கைய வெக்காதீங்க. கழனிக்கு தண்ணி பாய்ச்சற தொட்டின்னா தரை சமமா இருக்கும். நீச்சல் தொட்டிக்கு தரை ஒரு பக்கம் சரிவா எறங்கும், மேல் விளிம்ப ஒட்டி சின்ன வாய்க்கா ஓடும், ஏணி மாட்டுன இரும்புத் துண்டு நீட்டிக்கினு இருக்கும். இந்த மூணுல ரெண்டு இருந்தாலே நம்பலாம்.

டேப் வெச்சு நீளம் அளங்க. 75 அடின்னா 25 கஜம், மீட்டர் கணக்கு வரதுக்கு முன்னாடி போட்ட பிளானா இருக்கலாம், 82 அடின்னா 25 மீட்டர். எங்களுது 75 வந்துச்சு, நைனா டேப்போட அந்த முனைய விடவே இல்ல.

செவுத்துல பழைய எழுத்து இருக்கான்னு பாக்க கடப்பாறை, ஆசிட் ரெண்டும் வேணாம். தென்னந்தொடப்பத்தால மண்ணத் தள்ளி, தேங்கா நார நனைச்சு மெதுவா தேய்ங்க. எங்களுக்கு சுண்ணாம்பு அடிச்ச அடியில நீலப் பெயின்ட்ல "ஆழம் 6" வரைக்கும் வந்துச்சு, அடி-ங்கற எழுத்து பேந்து போச்சு, நான் அவசரப்பட்டு அழுத்திட்டேன். மத்தியான வெயில்ல போட்டோ எடுத்தா ஒண்ணும் தெரியாது, காலைல ஏழு மணிக்கு வெயிலு சாய்வா விழும்போது எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு.