குப்பைமேட்டுக் கசிவு கிணற்றுக்கு எப்போது வரும்? எக்செலில் ஒரு கணக்கு

பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரியான பழைய குப்பைமேடுகளுக்கு அடியில் தடுப்புப் படலம் கிடையாது. மழைநீர் குப்பைக்குள் இறங்கி, கறுத்த கசிவுநீராக மண்ணுக்குள் போகிறது. 300 மீட்டர் தள்ளியிருக்கும் போர்வெல்லுக்கு அது எப்போது வரும்? நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் மாட்ஃப்ளோ மென்பொருளைத் திறப்பதற்கு முன் எக்செலிலேயே போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள எண்கள் பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்டவை.

படி 1: கசிவுநீரில் கரைந்திருக்கும் குளோரைடைத் தொடருங்கள். மண்ணில் ஒட்டாது, சிதையாது. அம்மோனியம் களிமண்ணில் ஒட்டிப் பின்தங்கும். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 2: ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளில், ஒரே நாளில் நீர்மட்டம் அளக்க வேண்டும். கிணற்று வாயின் உயரத்தை லெவல் கருவியால் எடுத்து, அதிலிருந்து நீர் வரையுள்ள ஆழத்தைக் கழியுங்கள். முதல்முறை நான் ஆழத்தை மட்டும் வைத்துப் படம் போட்டேன். நீர் குப்பைமேட்டை நோக்கி ஏறிப் போனது! வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் இன்னும் நல்லது. ஓடும் திசையே மாறியிருக்கலாம்.

படி 3: வேகம் = நீர் கடத்துதிறன் (மண் நீரை எவ்வளவு எளிதாக விடுகிறது) × நீர்மட்டச் சரிவு (படி 2இல் கிடைத்த மட்ட வித்தியாசம் ÷ ஓடும் திசையில் தூரம்) ÷ நுண்துளை விகிதம் (மண்ணின் மொத்தக் கன அளவில் நீர் ஓடும் இடுக்குகளின் பங்கு). மணலுக்கு நாளுக்கு 10 மீட்டர், 0.002, 0.25 என்று வைத்தால் நாளுக்கு 0.08 மீட்டர். 300 மீட்டரைக் கடக்க 3,750 நாள், அதாவது பத்து ஆண்டுக்குச் சற்று மேல். கடைசி வகுத்தலை மறந்தால் நாற்பது ஆண்டு என்று காட்டும்.

படி 4: பலர் பத்து ஆண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அது சராசரி நீரின் கணக்கு. மணல் இடுக்குகளில் கொஞ்சம் நீர் முந்தி ஓடும். இப்படி முன்பின்னாகப் பரவுவதைக் குறிக்கும் ‘பரவல் நீளத்தை’த் தூரத்தில் பத்தில் ஒரு பங்காக, 30 மீட்டர் என்று வைப்போம் (கைக்கணக்குதான்). அதை வேகத்தால் பெருக்கினால் பரவல் கெழு 2.4. இனி 1961இல் ஒகாட்டா, பேங்க்ஸ் தந்த சூத்திரம்:

செறிவு விகிதம் = ½ × { ஈஆர்எஃப்சி[(தூ − வே×நா) ÷ (2√(ப×நா))] + எக்ஸ்ப்(வே×தூ÷ப) × ஈஆர்எஃப்சி[(தூ + வே×நா) ÷ (2√(ப×நா))] }

தூ தூரம், வே வேகம், நா நாள், ப பரவல் கெழு. ஈஆர்எஃப்சி, எக்ஸ்ப் இரண்டும் எக்செலில் உள்ள ERFC, EXP சார்புகள். செறிவு விகிதம் என்பது போர்வெல் செறிவு ÷ குப்பையடிச் செறிவு. இரண்டாம் உறுப்பைச் சிலர் விட்டுவிடுவார்கள், இங்கே விடாதீர்கள். குப்பையடியில் குளோரைடு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்றால், போர்வெல்லில் ஐந்தாம் ஆண்டு முடிவில் சுமார் 140, ஆறாம் ஆண்டு முடிவில் சுமார் 300. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க அளவான 250ஐ, ‘பத்து ஆண்டு’க்கு நான்கு ஆண்டு முன்பே தாண்டிவிடுகிறது.

படி 5: இதே எண்களை மாட்ஃப்ளோ, அதோடு சேர்ந்து மாசு நகர்வைக் கணக்கிடும் எம்டி3டி இரண்டிலும் கொடுத்து ஒற்றை வரிசைக் கட்டங்களாக ஓட்டுங்கள். ஆறாம் ஆண்டில் 300க்கு அருகில் வராவிட்டால் முதலில் கட்டத்தின் அளவைப் பாருங்கள். பரவல் நீளத்தின் இரு மடங்கை, அதாவது 60 மீட்டரை, அது தாண்டக் கூடாது; நான் 10 மீட்டரில் தொடங்குவேன்.