கருந்துளை கேலக்ஸியை ‘அணைத்துவிட்டது’ என்று சொல்வதற்கு முன்

பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தின் ‘கருந்துளை ஒலி’ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். 2022-இல் நாசா வெளியிட்ட அந்த உறுமல், விண்வெளியில் மைக் வைத்துப் பிடித்தது அல்ல. சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தில் அழுத்த அலைகள் வரிவரியாகத் தெரிந்தன. அவற்றை 57, 58 ஸ்தாயி மேலே ஏற்றி, காதுக்கு எட்டும்படி செய்தார்கள். அசல் அலை ஒருமுறை ஏறி இறங்கவே ஏறக்குறைய 1 கோடி ஆண்டு ஆகும். ஒலியைப் பகிர்பவர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த அலை அங்கே என்ன வேலை செய்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். கேலக்ஸியில் புது விண்மீன்கள் பிறப்பதைக் கருந்துளை நிறுத்திவிடுகிறது, அதாவது கேலக்ஸியை ‘அணைத்துவிடுகிறது’ என்பார்கள். அதைச் சொல்லும்போது சில தவறுகள் நேர்கின்றன.

“கருந்துளை வாயுவையெல்லாம் ஊதித் தள்ளிவிடும், விண்மீன் பிறப்பு நின்றுவிடும்” என்று ஒரே வரியில் முடிப்பதுதான் முதல் தவறு. பெர்சியஸில் வாயுவுக்குப் பஞ்சமே இல்லை. கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் கொத்து முழுக்க நிறைந்திருக்கிறது. தன் போக்கில் விட்டால் அது எக்ஸ்-கதிர்களை உமிழ்ந்து ஆறி, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரிய நிறை அளவுக்கு நடுவிலுள்ள என்ஜிசி 1275 என்ற கேலக்ஸிக்குள் இறங்கியிருக்க வேண்டும். அவ்வளவு விண்மீன்கள் அங்கே பிறக்கவில்லை. பாலைக் காய்ச்சி, சிம்மில் வைத்த அடுப்பை அணைக்காமல் விட்டால் உறை ஊற்ற முடியுமா? பால் இருக்கிறது, ஆறவில்லை. கருந்துளையின் அருகிலிருந்து பீறிட்டு வரும் தாரைகள் சூடான வாயுவுக்குள் குமிழிகளை ஊதுகின்றன. குமிழிகளும் அவை எழுப்பும் அலைகளும் ஆறவிருந்த வாயுவை மீண்டும் சூடாக்குகின்றன. அடுப்பு முழுசாகவும் ஜெயிப்பதில்லை: என்ஜிசி 1275-ஐச் சுற்றிக் குளிர்ந்த வாயு இழைகள் இருக்கின்றன, சிலவற்றில் இளம் விண்மீன்களும் உண்டு.

கருந்துளை ‘உறிஞ்சி’ கேலக்ஸியைக் காலி செய்கிறது என்பதை ஒரு கணக்கிலேயே தள்ளிவிடலாம். நம் பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளை சுமார் 40 லட்சம் சூரிய நிறை. அதன் ஈர்ப்பு ஓங்கி நிற்பது ஏறக்குறைய 10 ஒளியாண்டு தூரம் வரைதான். சூரியன் இருப்பதோ 26,000 ஒளியாண்டு தள்ளி. தூரத்துக்குப் போவது ஈர்ப்பு அல்ல, ஆற்றல். கருந்துளையை நோக்கி விழும் பொருளின் நிறையில் சுமார் 10 சதவீதம் ஆற்றலாக வெளியே வருகிறது. ஹைட்ரஜன் ஹீலியமாகும் அணு இணைவிலேயே 0.7 சதவீதம்தான்.

அடுத்த சறுக்கல், படித்தவர்களையே விழவைப்பது. வானத்தில் தேடினால், ஏஜிஎன் எனப்படும் ஒளிரும் கேலக்ஸி மையங்கள் பலவும் விண்மீன்கள் மும்முரமாகப் பிறக்கும் கேலக்ஸிகளிலேயே கிடைக்கும். “அப்போ தடுக்கவே இல்லையே!” என்று தோன்றும். இரண்டுக்கும் தீனி ஒரே வாயு. அதனால் சேர்ந்தே இருப்பது வியப்பில்லை. காலமும் பொருந்தாது. அகச்சிவப்பு ஒளியை வைத்துச் சொல்லும் விண்மீன் பிறப்பு வீதம், சுமார் 10 கோடி ஆண்டுச் சராசரி. மையமோ சில லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து அணையும். இந்த நிமிஷம் பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதை இரண்டு மாத கரண்ட் பில்லோடு ஒப்பிட்டால் என்ன தெரியும்?

2007-இல் ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, பொதுமக்களே கேலக்ஸிகளை வகைப்படுத்த உதவும் ‘கேலக்ஸி ஸூ’ இணையத் திட்டத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐசி 2497 கேலக்ஸிக்குப் பக்கத்தில் விநோதமாக ஒளிரும் ஒரு வாயு மேகத்தைக் கவனித்தார். மேகத்தை அப்படி ஒளிர வைக்க ஒரு குவாசர், அதாவது மிகப் பிரகாசமாக எரியும் கேலக்ஸி மையம், வேண்டும். கேலக்ஸியின் மையத்தைப் பார்த்தால் மங்கலாகக் கிடக்கிறது. குவாசர் மங்கிவிட்டது, அதன் பழைய வெளிச்சம் மட்டும் இன்னும் மேகத்தில் பட்டுக்கொண்டிருக்கிறது. அது மங்கி 2 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்காது என்பது கணிப்பு. இன்று அந்தக் கேலக்ஸியைப் பட்டியலிட்டால், மையம் எரியும் பக்கமா, அணைந்த பக்கமா, எதில் எழுதுவீர்கள்?

தடுப்பது மட்டுமே வேலை என்றும் எண்ண வேண்டாம். 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள சென்டாரஸ் ஏ கேலக்ஸியில், தாரை செல்லும் பாதையை ஒட்டியே இளம் விண்மீன்கள் காணப்படுகின்றன. தாரை மோதி நெருக்கிய வாயு அங்கே ஆறியிருக்கிறது.

கடைசியாக, வாயுவை ஊதியது கருந்துளையா விண்மீன்களா, ஊதியது தப்பிப் போகுமா என்ற கேள்வி. மார்காரியன் 231 என்ற கேலக்ஸியில் மூலக்கூறு வாயு ஆண்டுக்குச் சுமார் 700 சூரிய நிறை வீதம் வெளியே பாய்வதாக 2010-இல் அறிவித்தார்கள். அங்கே பிறக்கும் விண்மீன்கள் ஆண்டுக்குச் சுமார் 200 சூரிய நிறைதான். இருப்பு வாயுவை 700-ஆல் வகுத்து, “1 கோடி ஆண்டில் காலி” என்று எழுதத் தோன்றும். பாய்வது எல்லாம் கேலக்ஸியை விட்டே தப்புமா, பாதி திரும்பி விழுமா என்பது அந்த வகுத்தலில் இல்லை. அந்த 700-உம் கார்பன் மோனாக்சைடு ஒளியிலிருந்து ஹைட்ரஜனை ஊகித்து வந்த எண்.

நம் வீட்டிலும் இதே வழக்கு நடக்கிறது. பால்வெளியின் தட்டுக்கு மேலும் கீழும் 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு எழும், காமா கதிர் வீசும் ‘ஃபெர்மி குமிழிகள்’ 2010-இல் தெரியவந்தன. நம் கருந்துளை எப்போதோ கக்கியது என்கிறார்கள் சிலர். மையத்துக்கு அருகே கூட்டமாக வெடித்த விண்மீன்களின் வேலை என்கிறார்கள் வேறு சிலர். இதில் ‘உறுதியானது’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், ஃபார்வர்ட் செய்யும் முன் உள்ளே எந்தத் தரப்பைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.