பழைய பிளாஸ்டிக் வீரர்களைப் போரஸின் வில்லாளர்களாக மாற்றுவது

1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் என் மாமா வாங்கிய ஒரு டப்பா நிறைய 1/72 அளவு (நிஜ உயரத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் வீரர்கள் எங்கள் ராயபுரம் வீட்டுப் பரணில் கிடந்தார்கள். பெரும்பாலும் முக்காடு போட்ட ஆங்கிலேய வில்லாளர்கள். கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்து நின்ற போரஸ் மன்னனின் படையை, போர் விளையாட்டு ஆட மேசைமேல் நிறுத்த இவர்களே போதும். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வில், தலை, உடையின் விளிம்பு ஆகிய மூன்றும்தான் தெரியும் என்பதால், முகத்திலும் விரல்களிலும் கத்தி வைக்கத் தேவையில்லை.

முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைச் செய்யாமல் நான் வண்ணம் பூசிய எட்டுப் பேர், முதல் ஆட்டத்திலேயே பாம்பு சட்டை உரிப்பதுபோல் உரிந்துபோனார்கள். பழைய வண்ணம் இருந்தால் ஓர் இரவு டெட்டாலில் ஊறவைத்துத் தேய்க்கலாம். உடனே தண்ணீரில் அலசினால் கரைந்த வண்ணம் பிசினாகிவிடும் என்பதால், முதல் அலசலும் டெட்டாலிலேயே இருக்கட்டும். இடையில் ஈய வீரர்கள் அகப்பட்டால் தனியே எடுத்துவைத்து, தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்; உலர்ந்த நிலையில் அரம் போடாதீர்கள்.

வில்லில்தான் நேரம் செலவிட வேண்டும். இந்தியக் காலாளின் வில் அவனுடைய உயரமே இருந்தது, அதன் நுனியைத் தரையில் ஊன்றி இடது காலால் அழுத்தி நாணை இழுத்தான், அம்பு ஏறத்தாழ மூன்று முழம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் தம் ‘இண்டிகா’ நூலில் எழுதுகிறார். நம் வீரனின் உயரம் 24 மி.மீ. என்றால் வில்லும் அவ்வளவே. மூன்று முழ அம்பு சுமார் 19 மி.மீ. வரும். பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பித்தளைக் கம்பி வில்லுக்கும், துணி துவைக்கும் பிரஷின் நைலான் இழை அம்புக்கும் பொருந்தும். நாண் வேண்டாம், அந்தத் தொலைவில் கண்ணுக்குத் தெரியாது. இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, முன்னே நீட்டினாற்போல் குண்டூசித் துண்டைச் செருகி இணையுங்கள். இந்த மெழுகுத்தன்மையுள்ள பிளாஸ்டிக்கை சூப்பர் க்ளூ மட்டும் பிடித்து நிற்காது. பாரத்தை ஊசிதான் தாங்குகிறது.

முக்காட்டைச் சீவிவிட்டு, எம்-சீலின் இரு பாகங்களையும் சமமாகப் பிசைந்து, நூல்போல் உருட்டித் தலையைச் சுற்றினால் தலைப்பாகை தயார். அதே துணியின் மறுபகுதி தோளில் கிடக்க வேண்டும். கீழாடை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவரை இறங்கும். ஈர ஊசியால் கோடிழுத்தால் மடிப்பு விழும்.

இறுகியபின், தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லிய உறைபோல் பூசி, நன்றாகக் காய்ந்ததும் அக்ரிலிக் அடிப்பூச்சைத் தூரிகையாலேயே போடுங்கள். கடற்காற்று ஈரமாக வீசும் மாலையில் எங்கள் மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடித்தால் வெண்படலம் படர்ந்துவிடும்.

தோலுக்கு ரோஸ் கலந்த ‘ஃப்ளெஷ்’ நிறம் ஆகவே ஆகாது. காசிமேட்டில் காலை வெயிலில் வலை பிரிப்பவர்களின் தோளைப் பாருங்கள்: அடியில் அடர்பழுப்பு, மேட்டில் செம்பு, வியர்வை மினுங்கும் இடத்தில் லேசான நீலச் சாயல். அந்த வரிசையிலேயே மூன்று பூச்சு போதும். இந்தியப் பருத்தி மற்றவற்றைவிட வெண்மையானது, அல்லது உடுத்தியவரின் கருமை அதை அப்படிக் காட்டுகிறது என்கிறார் அர்ரியன். ஆகவே தோலை அடர்த்தியாக முடித்த பிறகே துணிக்கு வாருங்கள். மடிப்புகளில் நீலம் கலந்த சாம்பலும் மேட்டில் தூய வெள்ளையுமாகத் தீட்டினால், வண்ணாரப்பேட்டையில் நீலம் போட்டு உலர்த்திய வேட்டிபோல் இருக்கும். தாடிக்கு வெள்ளை, நீலம், சிவப்பு, ஊதா, பச்சை எனச் சாயமிட்டார்கள் என்றும் அதே நூலில் உண்டு. நான்கு பேருக்கு ஒருவர் என்று தீட்டினால் கூட்டம் உயிர்பெறும், எல்லோருக்கும் தீட்டினால் திருவிழாவாகிவிடும்.

60 மி.மீ. அகல அட்டையில் நால்வரை நிறுத்தி, கழுவிக் காயவைத்த மணலை ஃபெவிகாலில் ஒட்டி அடர்பழுப்பு பூசுங்கள். போர் நடந்த அன்று மழையில் நனைந்த வழுக்கு நிலத்தில் வில்லை ஊன்ற முடியாமல் திணறினார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ். எனவே வீரனுக்கு மங்கல் வார்னிஷ் அடித்து முடித்தபின், வில் நுனியும் இடது பாதமும் பதியும் இடத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷை இரு முறை தொட்டுவையுங்கள்.