பழைய கண்ணாடி கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

தானமாக வரும் மூக்குக்கண்ணாடிகளைப் பிரித்து அடுக்கும் எங்கள் மேசைக்குப் போன வாரம் இரண்டு புதியவர்கள் வந்தார்கள். வந்த வேகத்தில் பத்துப் பத்தாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட ஆரம்பித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ரப்பர் பேண்ட் கட்டு

நான் கட்டிய முதல் பெட்டியும் இப்படித்தான் இருந்தது, பார்க்க அவ்வளவு நேர்த்தி. போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் கழிவு. மடக்கிய கால் அடுத்த கண்ணாடியின் லென்ஸ் நடுவில்தான் போய் உட்காரும். வண்டி குலுங்கக் குலுங்க அதே இடத்தில் தேய்க்கும். இப்போதைய லென்ஸ்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக், சட்டென்று கீறல் விழும். பவரை லென்சோமீட்டரில் அளப்பதும் அந்த நடுப்பகுதியில்தான். அங்கே கீறல் என்றால் கருவிக்குள் தெரியும் கோடுகள் கலங்கிப்போகும். அளந்தாலும் யார் அதைப் போட்டுக்கொண்டு படிப்பது? பற்பசை போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். மேற்பூச்சு போவதுதான் மிச்சம்.

உறை இல்லையா, பழைய சாக்ஸுக்குள் ஒவ்வொன்றாக நுழையுங்கள். அதற்கு முன் தண்ணீரில் அலசுங்கள். தூசியோடு துடைப்பதும் கீறுவதும் ஒன்றுதான். அந்த இருவரிடமிருந்தும் ரப்பர் பேண்டுகளைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

நேரே கையில் கொடுப்பது

தெரிந்த பெரியவர் போட்டுப் பார்த்து "நல்லாத் தெரியுது" என்பார். வெள்ளெழுத்துக்கான சாதாரணக் கண்ணாடி என்றால் ஓரளவு சரி. கண்ணின் வளைவு சீராக இல்லாதவர்களுக்கான சிலிண்டர் பவருக்கு 1 முதல் 180 டிகிரி வரை ஆக்ஸிஸ், அதாவது அந்தப் பவர் அமையும் கோணம், உண்டு. உங்களுடையது அவருக்கு அப்படியே அமைவது அபூர்வம். இரண்டு நாளில் தலைவலி என்று கழற்றி வைப்பார். லயன்ஸ் சங்கம் போல அளந்து பிரிப்பவர்களிடம் கொடுங்கள்.

கூலிங் கிளாஸ்

கறுப்பு வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. கறுப்புக்குப் பின்னால் கண்மணி விரியும்; தடுப்பு இல்லாவிட்டால் புற ஊதா தாராளமாக உள்ளே போகும். 'யுவி 400' என்று எழுதியிருந்தாலும் கண்ணாடிக் கடையில் ஒருமுறை சோதித்துவிட்டே கொடுங்கள்.

பாட்டில்களோடு மறுசுழற்சித் தொட்டியில்

போடாதீர்கள். ஃபிரேம் ஒரு பிளாஸ்டிக், லென்ஸ் இன்னொன்று, கீல் உலோகம்.

கால் உடைந்தது

அதையும் கொடுங்கள். எனக்கு எப்போதும் திருகுப் பஞ்சம்.